விசாரணை நாளில் வந்தவள்

சிலுவைமேட்டில் இது நடந்தது என்று சொன்னால் தாலுகா ஆபீஸில் யாருக்கும் எந்த ஊர் என்று புரியாது, ஏனென்றால் அரசாங்கக் காகிதத்தில் அந்த இடத்துக்கு மேட்டுக் காலனி என்றுதான் பெயர். ஆரணியிலிருந்து மேற்கே போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டரோ இரண்டையும் விட்டுவிட்டு, 'சர்ச்சு ஸ்டாப்பிங் எறங்கு' என்று விசில் ஊதுவார். ஊருக்கே மூன்று பெயர் இருக்கும்போது அந்த ஊர்ச் சனங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் இருந்ததில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

பிறந்த நாற்பதாம் நாள் ஞானஸ்நானத் தொட்டியருகே ஆயர் வைக்கும் பெயர் ஒன்று, ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து மேசையருகே தலைமையாசிரியர் வைக்கும் பெயர் இன்னொன்று. தாவீதாக உள்ளே போன பிள்ளை கோவிந்தனாக வெளியே வரும், மரியாளாகப் போனது எல்லம்மாளாக வரும், அப்பனும் அம்மாளும் வாசலில் நின்று புதுப் பெயரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவர் என்று எழுதினால் தாழ்த்தப்பட்டோர் சலுகை கிடையாது என்பது சட்டம். சேரியில் பிறந்தவன் வேதத்துக்கு வந்த மறுநாளே ஊர்த்தெருவில் தலைநிமிர்ந்து நடந்துவிடுவான் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது, ஆனால் அந்த நல்ல செய்தி ஊர்த்தெருவுக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. ஆகவே படிப்புக்கும் வேலைக்கும் ஒரு பெயர், பாட்டுக்கும் ஜெபத்துக்கும் ஒரு பெயர் என்று மூன்று தலைமுறையாகச் சமாளித்து வந்தார்கள்.

சமாளிப்பதற்குச் சபையிலேயே ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்கு விசாரணைப் பெட்டி என்று பெயர். வள்ளி தெய்வானையோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் நிற்கும் முருகன் படம் ஒன்று, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, குங்குமச் சிமிழ், திருநீற்றுப் பொட்டலம், வாடாத பிளாஸ்டிக் மாலை ஒன்று, எல்லாம் அதற்குள் இருந்தன; பெட்டி ஆலயத்தின் பின்னறையில் திருவிருந்துத் துணிகளுக்குக் கீழே இருக்கும், சாவி உபதேசியார் மாசிலாமணியின் இடுப்பில் இருக்கும். யாருக்காவது சாதிச் சான்றிதழ் விசாரணை வருகிறதென்றால் முந்தின நாள் சாயங்காலம் பெட்டி அந்த வீட்டுக்குப் போகும். சுவரிலிருந்த இயேசு படம் பாயின் அடியில் குப்புறப் படுக்கும், வேதப்புத்தகம் அரிசி டின்னுக்குள் இறங்கும், விசாரணை முடிந்ததும் பெட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். பதினோரு வீட்டில் அதே முருகனை, அதே கீறல் விழுந்த கண்ணாடிக்குள் பார்த்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. அவருக்கும் பைலை மூட வேண்டுமே.

இந்தப் பெட்டி கடைசியாகப் போனது எப்சிபாவின் வீட்டுக்கு. செத்துப்போன தேவநேசனின் ஒரே மகள், இருபத்தெட்டு வயது, எட்டு வருஷமாக ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ அறையில் அவள் கை பட்டால் வலிகூட ஒழுங்காக வரும் என்று சொல்வார்கள். அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறி, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைக்கப்போகிற நேரத்தில் எவனோ ஒரு மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டான். அஞ்சலை என்ற பெயரில் இந்து என்று சான்றிதழ் வாங்கியிருக்கும் இந்தப் பெண் ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறாள், விசாரிக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. கடிதாசியில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் எப்சிபாவை வாட்டியது.

ஒரு கேள்வி வரும், ஒரு பதில் சொல்ல வேண்டும். நீ கிறிஸ்தவளா? இல்லை சார். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே அவள் அதைச் சொல்லிப் பழகினாள்; 'இல்லை' வரைக்கும் வாய் போகும், 'சார்' வரும்போது மாவில் தண்ணீர் கூடிப்போகும். ஊரில் எத்தனையோ பேர் அதைச் சொல்லிவிட்டு வந்து மறுநாளே ஆமென் போட்டிருக்கிறார்கள், அவர்களையெல்லாம் கடவுள் தள்ளிவிட்டாரா என்று அம்மா சாராள் கேட்டாள். கடவுள் தள்ளமாட்டார் என்று எப்சிபாவுக்குத் தெரியும். சொன்ன பிறகு தான் யாராக இருப்போம் என்பதுதான் தெரியவில்லை.

விசாரணை நாளன்று பொட்டு ஒட்டவே இல்லை. மூன்று தடவை வைத்தாள், மூன்று தடவையும் வியர்வையில் வழுக்கிக் கீழே விழுந்தது. புழக்கடைக் கதவருகே நின்று நாலாவது பொட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது முன்கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் தொண்டைக் கனைப்புக் கேட்டது.

"அஞ்சலை யாரும்மா இங்க?"

எப்சிபா வாயைத் திறந்தாள். அதற்குள், அரிசி டின்னையும் பாய்ச் சுருட்டையும் தவிர வேறு யாருமில்லாத உள்ளறையிலிருந்து, "நான்தான் சார்" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

அதே உயரம், அதே மாநிறம், அதே ஊதாப் பூப் போட்ட சேலை. கீழுதட்டில் எப்சிபாவுக்குச் சின்ன வயதில் விழுந்த தழும்புகூட இருந்தது. பொட்டு மட்டும்தான் வேறு. அது வைத்த பொட்டாக இல்லை, பிறந்தபோதே கூட வந்த மச்சமாக நெற்றியில் இருந்தது.

"இந்துதானே?"

"ஆமா சார்."

"சர்ச்சுக்குப் போற பழக்கம் உண்டா?"

"ஒரு நாளும் போனதில்ல சார்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கியபோது புழக்கடைக் கதவருகே இன்னொருத்தி நிற்பதைப் பார்த்தார். "இவங்க?"

"இவங்க எப்சிபா சார். சர்ச்சுக்காரங்க" என்றாள் வந்தவள்.

"ரெட்டையா?"

"ஆமா சார், ரெட்டைப் பொறப்பு" என்று சாராள் முந்திக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சொன்ன ஒரே பொய் அதுதான். இன்ஸ்பெக்டர் காபியைக் குடித்தார், முருகனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், கையெழுத்தைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். வந்தவள் போகவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள், அடுப்படியைத் துடைத்தாள், பிறகு சுவரோரமாகக் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு அடுத்து என்ன என்பதுபோல் இருவரையும் பார்த்தாள்.

"யாருடி நீ?" என்றாள் சாராள்.

"அஞ்சலை. எட்டியம்பட்டு பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் எழுதுனாரே, அந்த அஞ்சலை. இருவத்திமூணு வருசமா காகிதத்துலயே இருந்தன். இன்னிக்கித்தான் யாரோ பேர் சொல்லிக் கூப்ட்டாங்க."

சாராள் எழுந்து போய் உலையில் இன்னும் அரைப்படி அரிசி போட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. பெண்கள் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், சூடாகத்தான் இருந்தது. தலையைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. சரி, மனுஷிதான் என்று முடிவு செய்தார்கள். ஆண்கள் வாசலோடு நின்றார்கள், அவரவர் சட்டைப் பையிலும் பீரோவிலும் இருக்கும் சான்றிதழ் ஞாபகத்துக்கு வர, கிளறாமல் இருப்பதே நல்லது என்று பேச்சை மழைக்குத் திருப்பினார்கள். ஆனால் சில நாளில் பயம் தெளிந்து, பயமிருந்த இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்தது.

ஏனென்றால் அஞ்சலை ஓர் ஏற்பாடு சொன்னாள். வேலை உத்தரவு தபாலில் வந்த காலையில், அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எப்சிபாவின் முன்னால் குந்தி, அவள் முட்டிமேல் கையை வைத்துச் சொன்னாள். "அக்கா, இது எம் பேருக்குத்தான வந்துருக்குது. வேலைக்கி நான் போறன். நீ கோயிலுக்குப் போ. நானும் பொய் சொல்ல வேணாம், நீயும் பொய் சொல்ல வேணாம்."

எப்சிபாவுக்கு அழுகை வந்தது, நிம்மதியில்தான் வந்தது. கனத்ததை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டபோது தான் திறந்த வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பதை இனி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தானும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போ என்றாள்.

சபைக் கமிட்டி கூடி இதைப் பேசியது. ஆயர் தனபால் வேறொரு சேரியிலிருந்து வந்தவர், படித்தவர், நாற்பதைத் தாண்டாதவர்; அவர் பேனாவை மூடி மூடித் திறந்து, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது கட்டளை, இதில் யார் பொய் சொன்னது என்று கேட்டார். அவள் இந்து, இந்து என்கிறாள். இவள் கிறிஸ்தவள், கிறிஸ்தவள் என்கிறாள். யாருமே சொல்லவில்லை என்று கமிட்டி ஒருமனதாகச் சொன்னது. மூன்று தலைமுறையாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள்ளைக் கர்த்தர் ஒரே நாளில் பிடுங்கிவிட்டார் என்று மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் ஜெபக்கூட்டத்தில் மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபித்த பிறகு, எங்கள் வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே என்ற விண்ணப்பம் பல வாய்களிலிருந்து மெல்ல எழுந்தது. சிலர் சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, பூச்சி தட்டி, தாம்பாளத்தில் விரித்து, வீட்டின் உள்ளறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அப்போதைக்கு வரவில்லை.

அஞ்சலை காலை ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்பினாள். வெள்ளைச் சேலை அவளுக்குப் பொருந்தியது. பிரசவம் பார்த்தாள், தடுப்பூசி போட்டாள், பச்சை உடம்புக்காரிகளின் வீடு தேடிப் போய்த் தையல் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். எப்சிபா எட்டு வருஷம் பழகிய வேலையெல்லாம் அவள் விரலில் அப்படியே இருந்தது. கூரை வீட்டுக்கு ஓடு வந்தது. சாராள் களை வெட்டப் போவதை நிறுத்தினாள்.

எப்சிபாவின் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிறென்றால் அவள்தான் பாட்டு எடுத்துக் கொடுப்பாள், ஞாயிறுப் பள்ளி நடத்துவாள், திருவிருந்துக்கு முதல் வரிசையில் முழங்காலிடுவாள். மற்ற ஆறு நாளும் என்ன செய்வது என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

முதலில் ரேஷன் கடையில் தெரிந்தது. கட்டை விரலை வைத்தாள், மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்து வைத்தாள், சிவப்பு. கடைக்காரர் அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளைப் பார்த்து, வாம்மா என்றார். பேங்கிலும் அப்படித்தான் ஆனது. அதெல்லாம் காகிதத்துக் காரியம், காகிதத்துக்கு அஞ்சலையைத்தானே தெரியும் என்று எப்சிபா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பக்கத்து வீட்டு ரூபவதிக்குக் காய்ச்சல் என்று ஊசி போடப் போனபோது நரம்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை; விரலை வைத்து அழுத்தினாள், தடவினாள், எட்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த நரம்பு எங்குமில்லை. ரூபவதி கண்ணைத் திறந்து, "அஞ்சலையக் கூப்டேன்" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தெருக் குழாயில் நின்று மரியாளோடு பேசினாள், மரியாள் திரும்பவே இல்லை. கோபமாக இருப்பாளோ என்று நினைத்தாள். புதன்கிழமை சாராள் சோறு போட்டபோது இரண்டு தட்டுதான் வைத்தாள். "எம்மா, எனக்கு?" என்றாள் எப்சிபா. சாராள் காற்றில் ஏதோ வாசனை வந்ததுபோல் முகத்தைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தன் சோற்றைப் பிசைந்தாள். அஞ்சலை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள், அவளுக்கு மட்டும் தெரிந்தது, அவள் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எப்சிபாவின் முன் வைத்தாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், சாராள் அதையும் பார்க்கவில்லை.

ஞாயிறு வந்தால் எல்லோருக்கும் அவள் தெரிந்தாள். வா எப்சிபா, நல்லாருக்கியா எப்சிபா என்றார்கள், போன வாரம் முழுக்க அவளை ஏன் காணவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் மணி அடித்து ஆசீர்வாதம் முடிந்து சனங்கள் செருப்பைத் தேடும்போதே அவள் மங்கத் தொடங்குவாள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் இருக்கும் ஒருத்தியாக அவள் ஆகிவிட்டாள். பசி இல்லை, கவலை இல்லை, யாரையும் ஏமாற்றவில்லை, செய்வதற்கு ஒரு பாவம்கூடக் கைவசம் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் சொல்வதற்கும் எதுவுமில்லை.

அஞ்சலைக்கு வேறு கஷ்டம். ஒரு லீவு நாளில், காகிதத்தில் இந்துதானே என்று அவள் ஊர்த்தெருக் கோயிலுக்குப் போனாள். தேங்காய் வாங்கிக்கொண்டு, தலை குளித்துக்கொண்டு போனவளை வெளிப்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னாள், தேங்காயை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார்கள். திரும்பி வந்தாள். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வந்து வாசற்படியில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே வராமல் இருப்பதில்தான் எல்லாருடைய நிம்மதியும் இருந்தது. அப்படி எட்டு ஞாயிறு உட்கார்ந்தாள். வெயில் படிக்கு ஏறும்போது ஓரமாக நகர்ந்துகொள்வாள்.

"அக்கா" என்றாள் ஒரு நாள், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் நடந்து வந்த எப்சிபாவிடம். "வலி தாங்காத பொண்ணுங்க கையப் புடிச்சிக்கினு, யாரக் கும்புடறது சிஸ்டர்னு கேக்குதுங்க. நீயா இருந்தா இன்னா சொல்லுவ?"

"உனக்கு யாரு ஒத்தாசைக்கு வருவாங்களோ அவங்களக் கும்புடு, நானும் உனக்காக ஜெபம் பண்றன்னு சொல்லுவன்."

"எனக்கு வாய் வரல. கை இருக்குது, எல்லா வேலயும் தெரியுது, உள்ள ஒண்ணும் இல்ல. ஹெட்மாஸ்டரு பேர எழுதுனாரு, சாதிய எழுதுனாரு, மதத்த எழுதுனாரு, அத்தோட நிறுத்திட்டாரு." பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உன்ன நான் தின்னுக்கினு இருக்கனாக்கா?"

எப்சிபா இல்லை என்று சொல்ல நினைத்தாள். அன்று வியாழக்கிழமை, குரல் எழும்பவில்லை.

திருவிருந்து ஞாயிறன்று, ஆயர் தனபால் அப்பத்தின் மேலிருந்த துணியை எடுக்கக் கையை நீட்டியபோது, அஞ்சலை படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். நடுப்பாதை வழியாக நடந்தாள். பாட்டு ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே வந்து, அவள் பீடத்தை அடைந்தபோது ஒருவரும் பாடவில்லை.

"ஐயரே, எனக்கு ஞானஸ்நானம் குடுங்க."

ஆயர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "என்ன பேர்ல?"

"இருக்கற பேர்லதான். அஞ்சலை."

உபதேசியார் மாசிலாமணி குதித்தெழுந்தார். "இன்னா வெளையாடறியா? ரிஜிஸ்டர்ல உம் பேரு ஏறிடுச்சின்னா, கடுதாசி போட்டவன் நேரா இங்கதான் வருவான். உன் வேல மட்டுமா போவும்? எம் பேத்தி காலேஜு, தாவீது புள்ள போலீசு வேல, அல்லாரு கதையும் நாறிடும்."

"மோட்சத்துக்குப் போறதுக்கு ஏற்கெனவே எப்சிபா இருக்கா இல்ல? நீ எதுக்கு?" என்றாள் மரியாள், நல்லவிதமாகத்தான் கேட்டாள்.

ஆயர் ஆட்களைப் பார்த்தார். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவளுக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு சபை சொல்லி அவர் கேள்விப்பட்டதில்லை. அப்படிச் சொல்லப்போகிற சபை தன்னுடையதுதான் என்று தெரிந்தும், கமிட்டி கூடி முடிவு செய்யலாம் என்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

எப்சிபா பாடகர் வரிசையில் நின்றிருந்தாள். ஞாயிறு என்பதால் எல்லோருக்கும் தெரிந்தாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் போவாள், ஓட்டுக்குக் கீழே சுவர் எழும்பும், அம்மா வெயிலில் குனிய வேண்டாம். அடுத்த ஞாயிறு நான் வருவேன், அதற்கடுத்த ஞாயிறும் வருவேன், ஒருத்தி வாழ்வாள், ஒருத்தி இரட்சிக்கப்படுவாள், யாரும் பொய் சொன்னதாக இருக்காது. சும்மா நின்றால் போதும். அப்போதுதான், இன்ஸ்பெக்டர் தன்னிடம் கேட்காமலே போன கேள்வி அவளுக்குக் கேட்டது, கனைப்பு இல்லாமல், நாற்காலிச் சத்தம் இல்லாமல், மிகப் பக்கத்தில் கேட்டது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

உயிர் போகிற குழந்தைக்கு ஆயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்திலிருக்கும் விசுவாசி யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று சபை ஒழுங்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எப்சிபா இரண்டு தடவை அப்படி ஊற்றியிருக்கிறாள். அவள் தொட்டியருகே இருந்த செம்பை எடுத்தாள்.

"எப்சிபா, வேணாம்" என்றார் ஆயர் தணிந்த குரலில். "அது சாவப்போற உயிருக்கு. அவ சாவலியே."

"நான் செத்துக்கினு இருக்கன் ஐயரே."

அஞ்சலை தலையைக் குனிந்தாள். எப்சிபா பிதாவின் பெயரில் ஊற்றினாள். தண்ணீர் அஞ்சலையின் உச்சியில் விழுந்தது, சில்லென்று தன் பிடரியில் இறங்கியதை எப்சிபா உணர்ந்தாள். குமாரனின் பெயரில் ஊற்றினாள். டெட்டால் வாசனை வந்தது, பச்சைக் குழந்தையின் தலை வாசனை வந்தது, பஸ் பிடிக்க ஓடிய காலின் வலி வந்தது, கோயில் படியில் வைத்துவிட்டு வந்த தேங்காயின் அவமானம் வந்து நெஞ்சில் குத்தியது. பரிசுத்த ஆவியின் பெயரில் ஊற்றிவிட்டுச் செம்பைத் தாழ்த்தியபோது அங்கே ஒருத்திதான் நின்றிருந்தாள், சொட்டச் சொட்ட நனைந்து, நெற்றியில் மச்சம் அழியாமல். நாளைக்கு வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பயம் முழுசாக, கனமாக அவள் வயிற்றில் வந்து உட்கார்ந்தது, அது தன் பயம் என்பதால் அதுகூட அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

"கதவச் சாத்துங்கடா, எவனாவது பாத்துடப் போறான்" என்று கத்திக்கொண்டு மாசிலாமணி வாசலுக்கு ஓடினார். கதவில் கையை வைத்தவர் அப்படியே நின்றார்.

வெளியே வரிசை நின்றது. படியிலிருந்து தொடங்கி, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் சத்தமில்லாமல் நின்றது. கோவிந்தன் நின்றான், எல்லம்மாள் நின்றாள், குப்பனும் ராக்காயியும் நின்றார்கள். வயதானவர்களும் நேற்றுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும் வெறுங்காலோடு, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தோடு நின்றார்கள். ஒருவரும் உள்ளே தள்ளிக்கொண்டு வரவில்லை. முதல் ஆளாக, கதவுக்கு ஒரு சாண் தள்ளி, நரைத்த மீசையும் வலது காதில் மடலில்லாத தழும்புமாக நின்றது மாசிலாமணிதான். காகிதத்தில் அவருக்குச் சடையன் என்று பெயர்.

உள்ளே பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள், அவரவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், கண்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆயர் தனபால் வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்தார். அங்கே தலை தூக்காமல் நின்றவனை அவருக்கு அடையாளம் தெரிந்தது. மாசிலாமணியின் கை உள்ளேயிருந்து கதவைச் சாத்தத் தள்ளிக்கொண்டிருந்தது, கதவு நகரவில்லை, வெளியே நின்ற சடையன் அதைத் தொடக்கூட இல்லை.

நனைந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி பத்தாது ஐயரே" என்றாள். "இன்னொரு கொடம் வேணும்."

மகளின் குரலை ஞாயிறல்லாத நாளிலும் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் சாராளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, மூலையிலிருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மாசிலாமணியின் கைக்கு அடியில் குனிந்து வாசலைத் தாண்டினாள். வரிசையிலிருந்து, சாராளின் முகத்தோடு நின்ற பச்சையம்மாள் விலகி, அடிகுழாயை அடித்துக் கொடுப்பதற்காக அவளோடு கூடவே நடந்தாள்.